பதினேழாவது கேள்வி

கிளப்பில் குளிர்சாதனம் செத்துவிட்டது.
புதிது வாங்கப் பணம் சேர்க்கிறார்கள்.
"ஆஸ்திரேலியாவைப் பற்றி முப்பது கேள்வி எழுதிக்கொடு, வால்டி.
குடியுரிமைத் தேர்வுக்குக் கடைசியாகப் படித்தவன் நீதான்,
எங்களுக்கெல்லாம் மறந்துபோயிற்று"
என்றாள் லொரெய்ன், தலைவலி மாத்திரைக்குச் சில்லறை எண்ணியபடி.

நியூமனில் ஒரே மருந்துக்கடைக்காரன் மறுக்க முடியுமா?

முதல் பட்டியலை இரவே கிழித்தேன்.
தலைநகர் எது என்பது கேள்வியில்லை,
வருகைப்பதிவு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
எத்தனை பொதி கம்பளி கப்பலேறியது என்பதும் கேள்வியில்லை,
கேட்பவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் ஓசை அது.
இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது,
ஒருக்களித்துத்தான் போக முடியும்.
அங்கே விடை
நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டு
பெயர் சொல்ல மறுக்கும்.
தவறான விடை
சரியானதைவிட நன்றாக உடுத்திக்கொண்டு வரும்.

இருமல் மருந்து விளம்பரத்தாளின் பின்பக்கம்
ஒவ்வொன்றாக எழுதினேன்.
இயந்திரத் துப்பாக்கியோடு போன ராணுவம்
எந்தப் பறவையிடம் தோற்றுத் திரும்பியது?
பெர்த்தைவிட முக்கால் மணி முன்னால் ஓடும் கடிகாரம்
எந்தச் சாலையோரத்தில்?
அரபு நாடுகளுக்கு ஒட்டகம் விற்ற நாடு எது?
(இதற்கு மார்கோ சவூதி என்று எழுதி
அடிக்கோடும் போட்டிருந்தான்.
பத்து வருடமாக வேலைக்குப் போகும் வழியில்
ஒட்டகத்துக்காக வண்டியை நிறுத்துகிறவன்.)

சனிக்கிழமை. ஜன்னல்கள் திறந்தபடி, சிவப்புத் தூசி உள்ளே வந்தபடி.
பன்னிரண்டு மேசை.
முதல் பரிசு ஒரு தட்டு இறைச்சி,
ஐஸ் பெட்டியில் மெல்ல வியர்த்துக்கொண்டிருந்தது.
பதினாறு கேள்விவரை நான் நன்றாகவே இருந்தேன்.
சிரித்தார்கள், மேஜையைக் குத்தினார்கள்,
அடுத்த மேசையின் பேனா அசைவை ஒற்றறிந்தார்கள்.
ஒரு நல்ல கேள்விக்கு இதைவிட என்ன வேண்டும்
என்று நினைத்தேன்.

பதினேழு:
ஓடைகள் போகும் திசையில் நன்னீர் இருக்கும் என்று
நம்பிப் போனவன் உப்பைக் கண்டான்.
அந்த ஏரிக்கு அவன் வைத்த பெயரே ஏரியின் பெயர்.
அது என்ன?

"ஏமாற்றம்" என்று படித்தேன் அட்டையிலிருந்து.
பதினொரு மேசை ஆர்ப்பரித்தது.
அடுக்களைக் கதவோரம் ஒரு கை உயர்ந்தது.
தண்ணீர் லாரி ஓட்டும் நோலா.
"ஏமாந்தது அவன். ஏரி யாரையும் ஏமாற்றவில்லை.
அதன் பெயர் கும்புபின்டில்.
அரசாங்க வரைபடத்திலேயே மாற்றியாயிற்று, இரண்டாயிரத்து இருபதில்.
உன் அட்லஸ் பழசு."

"நடுவர் சொன்னதே தீர்ப்பு!" மார்கோ எழுந்தான்.
ஒரு மதிப்பெண்ணில் இறைச்சி கைமாறும் கட்டம்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நோலாவும் பார்த்தாள்.
"உன் கடைச் சுவரில் உரிமம் மாட்டியிருக்கிறாய்.
அதில் வால்டி என்றா இருக்கிறது?"

இளவழுதி என்று இருக்கிறது.
ஒன்பது வருடமாக ஒருவரும் படிக்கவில்லை என்று
நினைத்திருந்தேன்.

விடையை அடித்து எழுதினேன்.
மார்கோ இரண்டு கெட்ட வார்த்தை சொன்னான்,
ஒன்று குரோவேஷிய மொழியில்.
பிறகு அவனே அவளிடம்,
"அங்கே நீந்தலாமா? மீன் உண்டா?"
"நாங்கள் அதன்மேல் கால்கூட வைப்பதில்லை."
"ஏன்?"
"அது மைக்கில் சொல்கிற விஷயமில்லை."

பதினெட்டாவது அட்டை கையில் இருந்தது.
ஏதோ கிரிக்கெட் பற்றி,
நல்ல கேள்விதான்.

மைக்கை அணைத்தேன்.
அடுக்களைக் கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
கேட்டேன்.